மாதம் ஒரு தெரு போதும்

மாதந்தோறும் உலா போகும் ஒளிப்படக் கழகங்கள் திருவிழாக்களுக்குப் படையெடுப்பதைக் குறைத்து, ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். 1858இல் ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் மதுரையைப் பொறுமையாகப் பதிவு செய்தார்; பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்ப்பதற்கு முன் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்த கோலத்தை அப்படங்களில் இன்றும் காணலாம். பொழுதுபோக்குக்கு வருகிறவர்களை ஆவணக்காரர்களாக்குவதா, கலை எங்கே போயிற்று என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுந்து வருகிறவர்களுக்கு மகிழ்ச்சி வேண்டும்தான். ஆனால் திருவிழாவில் எல்லா கேமராக்களும் ஒரே வேடக்காரரைச் சூழ்கின்றன, கலையும் அங்கே நகலாகிவிடுகிறது (அவரிடம் அனுமதி கேட்பவர்கள் எத்தனை பேர்?). பழகிய தெருவில்தான் வெளிச்சம் எப்போது எந்தத் திண்ணையில் விழும் என்பது பிடிபடும், கடைக்காரரும் கூச்சமின்றி நிற்பார். படத்தோடு இடம், தேதி, ஆளின் பெயர் ஆகியவற்றை எழுதித் தருவதை மாதப் போட்டியின் விதியாக்கலாம். அதற்குப் புது லென்ஸ் எதுவும் வாங்க வேண்டியதில்லை.