‘ஒன்றுமில்லை’ என்னும் தீர்ப்பு

“எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை; இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை; ஆகவே உமக்கு ஒன்றுமில்லை.” இத்தீர்ப்பிலுள்ள ‘ஆகவே’ என்னும் சொல்லையே நாம் மறுக்கின்றோம். கருவிக்குப் புலப்படாதது இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லுவோர், காணாமலே விசுவசிக்கும் நம்மிடையே இத்தனை பேர் இருப்பது வியப்புக்குரியதே.

பைப்ரோமயால்ஜியா என்னும் நோயைப் பற்றியே பேசுகின்றோம். உடலெங்கும் பரவி, மூன்று திங்களுக்கு மேலும் நீடிக்கும் வலி. இரவெல்லாம் உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும் மந்தம். நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை இந்நோயுடையவர் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. ஆயிரம் பேர் உள்ள பங்கில் இருபது பேராவது இருப்பர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர்களோ ‘சோம்பேறி’, ‘நடிப்புக்காரி’ என்பன.

இது நேற்று முளைத்த நாகரிக நோயன்று. 1904இல் கவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய வலிக்குத் தசைநாரின் அழற்சியே காரணமெனக் கருதி ஒரு பெயரிட்டார். தேடியவர்களுக்கு அழற்சி அகப்படவில்லை. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம், உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களில் வலித்தால் இந்நோய் என வகுத்தது. 2010இல் அம்முறையைத் தளர்த்தி, வலியின் பரவலையும் களைப்பையும் உறக்கத்தையும் கேட்டறிந்து முடிவு செய்யலாம் என்றது. நோயாளியின் வாய்மொழியே சான்றாயிற்று. கேட்பதற்குச் செவியில்லாத மருத்துவர் இந்நோயைக் காண்பது எங்ஙனம்?

மூட்டும் தசையும் கெடவில்லை. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலமே மாறிவிட்டது என்பதே இன்றைய பெரும்பான்மை விளக்கம். திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கியை மிகையாகத் திருப்பி வைத்தால், மெல்லிய இருமலும் இடியாய்க் கேட்பதில்லையா? அதுபோலச் சிறு அழுத்தமும் பெருவலியாகிறது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளரின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவை அழுத்தத்துக்கும் குளிருக்கும் மிகையாகக் கூசின. இது முடிந்த முடிபன்று. ஆயினும் சுண்டெலிக்கு மனப்பிரமை என்று சொல்ல எவரும் துணியார்.

மருந்துண்டா எனில், முற்றும் போக்கும் மருந்தில்லை. முழுக்குணம் என்று விளம்பரம் செய்து எண்ணெய்ப் புட்டி விற்போரை நம்ப வேண்டா. டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் போன்றவை சிலருக்கு ஓரளவு உதவும். அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். 2017இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு எல்லா முறைகளையும் சீர்தூக்கி, உடற்பயிற்சி ஒன்றை மட்டுமே உறுதியாகப் பரிந்துரைத்தது. ‘பார்த்தீர்களா, வேலை செய்தால் சரியாகிவிடும்’ என்று மாமியார்மார் மகிழ வேண்டா! பத்து நிமிட நடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது பயிற்சி. நான்கு குடம் நீர் சுமந்து, மாவாட்டி, துணி துவைத்து, அன்றே விருந்துக்கும் சமைப்பது பயிற்சியன்று. சற்றே நலமான நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் இந்நோயாளரின் வழக்கமான துன்பம். வேலையைப் பகுத்து, நடுநடுவே இளைப்பாறி, உறங்கும் வேளையை மாற்றாது காப்பதே நோயோடு வாழும் வழி. வீட்டார் பங்கு கொள்ளாமல் இது நடவாது.

‘சிலுவையாக ஏற்றுக்கொள்’ என்போர்க்கும் ஒரு சொல். தன் வலியை ஒருவர் தாமே ஒப்புக்கொடுப்பது வேறு. பிறர் வலியை நாம் ஒப்புக்கொடுத்துவிட்டுக் கைகழுவுவது வேறு. வலியைத் தணிக்க மருந்து கொள்வது தகும் என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களிடம் தெளிவாக்கினார். துன்பத்தின் பொருளைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984இல் எழுதிய மடல் நல்ல சமாரியரையும் நம் முன் நிறுத்துகிறது. அச்சமாரியர் காயத்தைக் கட்டினார், அறிவுரை கூறவில்லை. யோபுவிடம் நீண்ட அறிவுரை கூறிய நண்பர்களையோ கடவுள் கடிந்துகொண்டார்.

வரும் ஞாயிறன்று எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிடாமல் இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் நடுவயதுப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து முகஞ்சுளிப்பதை நிறுத்துவோம். அன்பியக் கூட்டத்துக்கு அவர் வராத மாதத்தில், ஏன் வரவில்லை என்று கேளாமல், அவர் வீட்டுக்கு இரண்டு குடம் நீர் எடுத்துச் செல்வோம்.