காதால் வாசிப்போர் பிரகடனம்

நாங்கள் புத்தகங்களைக் காதால் வாசிக்கிறவர்கள். தையல் மெஷினை மிதித்தபடி நாவல் கேட்பவர்கள், இரவுக் காவல் வேலையில் விடியும்வரை சிறுகதை கேட்பவர்கள், தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய்வருகிறவர்கள், கண்புரை வந்து எழுத்து மங்கிப்போனவர்கள், பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் எல்லாரும் எங்களில் உண்டு. “கேட்டிருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்” என்று எங்களிடம் சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். படித்திருக்கிறோம். வருணனை வந்தால் கண்ணால் வாசிப்பவர் நாலு வரி தாவிவிடலாம். கை வேலையாக இருக்கும் எங்களுக்கு அந்த நாலு வரியும் காதில் விழுந்தே தீரும். அதனாலேயே தமிழ் ஒலிப்புத்தகங்களின் குறை நிறைகள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை வெளிப்படையாகச் சொல்லவும், நல்ல வாசிப்பை உரிமையோடு கேட்டு வாங்கவும் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

ஒருவர் உரக்க வாசிப்பதும் ஊர் உட்கார்ந்து கேட்பதும் நமக்குப் புதிதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதம் படிப்பதைக் கேட்டே தலைமுறைகள் வியாசனை அறிந்தன. கன்னியாகுமரிப் பக்கத்து அய்யாவழிப் பதிகளில் அகிலத்திரட்டு ஏடு வாசிப்பு இன்றும் நாள்கணக்கில் நடக்கிறது. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் புராணபடனம் என்றொரு முறை உண்டு. ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். வாசிப்பவர் சீரைத் தவறாகப் பிரித்தால் பயன் சொல்பவருக்கு வழி அடைபட்டுப்போகும். வாசிப்பு அங்கே பயிற்சி வேண்டிய கலை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் நூலை அறிந்தவர்களும் இருப்பார்கள் என்பதால் வாசிப்பவருக்கு அச்சமும் பொறுப்பும் இருந்தன. ஒலிப்பதிவு வந்து வாசிப்பவரையும் கேட்பவரையும் வெவ்வேறு அறைகளில் உட்காரவைத்தது. பயிற்சி தளர்ந்தது, திருத்துகிற உரிமை எங்கள் கையைவிட்டுப் போனது. இந்த இரண்டையும் மீட்பதே எங்கள் நோக்கம்.

ஒலிப்புத்தகத்தை முதலில் கேட்டு வாங்கியவர்கள் பார்வையற்றவர்கள் என்பதை இயக்கத்தின் தொடக்கத்திலேயே பதிவு செய்கிறோம். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அதன் பயன்களை வரிசைப்படுத்தி எழுதியபோதே பார்வையற்றோருக்கான பேசும் புத்தகத்தைச் சேர்த்திருந்தார். அது கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் பிரிட்டனிலும் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டுகளாக வீடு தேடிப் போயின. பிரிட்டனில் முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களையும் மனத்தில் வைத்துத் தொடங்கிய முயற்சி அது. நடித்து வாசிப்பதா, நேராக வாசிப்பதா என்ற வாதம் அந்த வாசகர்களிடையே அப்போதே எழுந்துவிட்டது. நம் ஊரிலும் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களைக் கேசட்டில் வாசித்துக் கொடுத்த தன்னார்வலர்கள் இருந்தார்கள். ஒலிவடிவம் வெறும் பொழுதுபோக்குச் சரக்கு என்று யாராவது சொன்னால் அவர்கள் இந்த வரலாற்றை அறியாதவர்கள்.

இனி வாசிப்பாளர்களிடம் நேராகப் பேசுகிறோம். உங்கள் குரல்தான் எங்களுக்கு அச்சு, தாள், அட்டை எல்லாம். ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: மைக் முன்னால் உட்காருவதற்கு முன் புத்தகத்தை முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள். இதை எந்த மொழி வாசிப்பாளரிடமும் கேட்கலாம். தமிழில் கேட்டே ஆகவேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பேச்சு முதலில் வரும், பேசியவர் யார், எப்படிப் பேசினார் என்பது பிறகே வரும். “‘நீ போகலாம்’ என்று உதடு அசையாமல் சொன்னாள்” என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்கூட்டிப் படிக்காத வாசிப்பாளர் “நீ போகலாம்” என்று கூரை அதிரக் கத்திவிடுகிறார். பிறகு உதடு அசையாமல் சொன்னதாக அவரே அறிவிக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் மனத்தில் அந்தப் பெண் ஏற்கெனவே கத்திவிட்டாள், அதை இனி அழிக்க முடியாது. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் நீண்ட வாக்கியத்திலும் இதே சிக்கல்தான். வந்து, பார்த்து, தயங்கி, திரும்பி என்று ஒவ்வோர் எச்சத்திலும் குரலை இறக்கி முடித்துவிட்டால் வினைமுற்று வரும்போது அது அநாதையாக நிற்கிறது. எங்கே வாக்கியம் முடியப்போகிறது என்று தெரிந்தவருடைய மூச்சு அதுவரை தாங்கும். தெரியாதவருடைய மூச்சு பாதியில் நிற்பதை நாங்கள் துல்லியமாகக் கேட்கிறோம்.

எழுத்தில் இல்லாத ஒலியை வாசிப்பாளர்தான் கொண்டுவர வேண்டும். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி. ‘பாவம்’ என்பது பரதநாட்டியம் பற்றிய பத்தியில் வரும்போது ஒரு சொல், அடிபட்டவனைப் பார்த்தவர் வாயில் வரும்போது வேறு சொல். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை வாசிக்க வருபவருக்கு ராகங்களின் பெயராவது பழகியிருக்க வேண்டும். பாபுவும் ரங்கண்ணாவும் உயிரைக் கொடுத்து நேசிக்கிற ஒன்றின் பெயரே தடுமாறினால் அந்த நேசத்தை நாங்கள் எப்படி நம்புவது? ழகரம் பற்றி எங்கள் நிலை இது: பாத்திரம் பேசும்போது அவர் ஊர் வழக்கப்படி ளகரமாக வரலாம், வரவேண்டும். ஆசிரியர் பேசும் இடத்தில் வரக்கூடாது. இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதையும், ஆகாசவாணியில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியையும் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களில் பல. திருத்தமான உச்சரிப்பு தமிழில் முடியாத காரியம் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். ஆனால் செய்திக்குரிய அந்த நடையை அப்படியே நாவலுக்குக் கொண்டுவருவதையும் நாங்கள் விரும்பவில்லை. காதல் கடிதமும் புயல் எச்சரிக்கையும் ஒரே சுருதியில் வரக்கூடாது.

வட்டார வழக்கில் நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. கி. ராஜநாராயணனின் கரிசல் தமிழைக் கோவில்பட்டிப் பக்கம் காலே வைக்காத குரல், சினிமாவில் கேட்ட பொதுவான ‘கிராமத்துத் தமிழில்’ இழுத்து இழுத்து வாசிக்கும்போது அந்த நிலமே காணாமல் போகிறது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற ஒரு நாவல் சாதிக் கொடுமையைச் சொல்கிறது. அதன் யாழ்ப்பாணப் பேச்சைச் சிரிப்பு மூட்டும் பாணியில் வாசிப்பது எழுதியவருக்கும் அந்த மக்களுக்கும் செய்கிற அவமரியாதை. அந்தந்த ஊர்க்காரரே வாசிக்க வேண்டும் என்று சட்டம் போடவில்லை. பழகிக் கற்றுக்கொண்டு வாசிக்கலாம். அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்திக்கொண்டு வாசிக்கலாம். இரண்டும் முடியாதென்றால் அந்தப் புத்தகத்தை வேறொருவருக்கு விட்டுவிடுங்கள்.

பின்னணி இசையை நிறுத்துங்கள். சாவு வீட்டைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் அழாமல் எழுதியிருப்பார். வாசிப்பாளரும் அதை உணர்ந்து நிதானமாக வாசித்துக்கொண்டு வருவார். அந்த நேரம் பார்த்துப் புல்லாங்குழல் ஒன்று எங்கிருந்தோ கிளம்பி எங்களை அழச் சொல்லும். பார்வையற்ற உறுப்பினர்கள் சிலர் புத்தகத்தை இரு மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். இசையைச் சேர்த்தால் அந்த வேகத்தில் சொற்கள் கரைந்துபோகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் சற்றே இசை இருந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. வாக்கியத்துக்கு அடியில் வேண்டாம்.

பல குரல்கள் சேர்ந்து நடிக்கும் ஒலிநாடகங்களுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். கல்கியின் நாவல்களைப் பல கலைஞர்களைக் கொண்டு ஒலிவடிவில் கொடுத்த பாம்பே கண்ணனின் உழைப்பால்தான் எங்களில் பலர் இந்தப் பக்கமே வந்தோம். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனாலும் ஒரு குரல் முழு நாவலையும் சுமக்கும் வாசிப்புதான் எங்களுக்கு உயர்ந்தது. அங்கே பாத்திரங்கள் எங்கள் மனத்திலேயே உருவாகிறார்கள். ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்காகக் கீச்சுக் குரல் எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் வேகம் மாறினால், கொஞ்சம் அழுத்தம் மாறினால் பேசுவது யார் என்று எங்களுக்குப் புரிந்துவிடும். பெண் வாசிப்பாளர்களிடம் ‘இனிமையாக’ வாசிக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை: கோபமான புத்தகத்தைக் கோபமாக வாசிக்க அவர்களை விடுங்கள். எழுத்தாளரே வாசித்தால் அதுவே சிறந்தது என்ற எண்ணத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. எழுதுவது ஒரு திறன், வாசிப்பது வேறொரு திறன். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் மகிழ்ச்சியோடு கேட்போம்.

நாவலைச் சுருக்கிப் பதினைந்து நிமிடத்தில் கதையைச் சொல்லிவிட்டு அதையே ஒலிப்புத்தகம் என்று விற்பதை எதிர்க்கிறோம். சுருக்கம் என்றால் சுருக்கம் என்று முகப்பிலேயே போடுங்கள். இயந்திரக் குரல் என்றால் அதையும் போடுங்கள். இயந்திரக் குரலை நாங்கள் இழிவாக நினைக்கவில்லை. திரைவாசிப்பு மென்பொருளின் ஈஸ்பீக் குரலில் தமிழைக் கேட்டே தேர்வெழுதி வேலைக்குப் போனவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். தட்டையான அந்தக் குரல் ஒருநாளும் மனிதனாக வேடம் போட்டதில்லை. இப்போது வரும் செயற்கைக் குரல்கள் மூச்சுவிடுவதுபோல் பாவனை செய்கின்றன, மனிதப் பெயரும் வைத்துக்கொள்கின்றன. நாங்கள் காசு கொடுத்துக் கேட்பது யாருடைய குரல் என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு.

வாசிப்பாளரின் பெயர் ஆசிரியர் பெயருக்கு அடுத்தபடி முகப்பில் இருக்க வேண்டும். ஒரு மணி நேர ஒலிப்புத்தகத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று மணி நேரப் பதிவும், அதற்குமேல் தவறு திருத்தும் வேலையும் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் கதவு ஜன்னல் அடைத்த அறையில், தண்ணீர் குடித்துக் குடித்துத் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு வாசிக்கிறார்கள். அந்த வேலைக்கு ‘வாய்ப்புக் கொடுத்தோமே’ என்பது கூலியாகாது.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக் குற்றம். இணையத்தில் ‘பொன்னியின் செல்வ’னை வாசித்தவர்கள் எத்தனையோ பேர். கல்கி 1954-இல் மறைந்தார், அவர் எழுத்து நாட்டுடைமை. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அது நல்லதே. ஆனால் உயிரோடு இருக்கிற, அல்லது மறைந்து அறுபது ஆண்டு ஆகாத எழுத்தாளரின் கதையையும் அனுமதி கேட்காமல் வாசித்து ஏற்றுகிறார்கள், நாமும் கேட்டுவிடுகிறோம். எழுத்தாளருக்கு ஒரு காசும் போவதில்லை, முறையாக உரிமை வாங்கித் தயாரிப்பவர் நட்டப்படுகிறார், அடுத்த புத்தகம் வராமலே போகிறது. இந்த இயக்கத்தில் சேர்கிறவர்கள் அப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்பதில்லை, பகிர்வதில்லை என்று உறுதி தருகிறார்கள். முழுதாகக் கேட்காமல் ஒரு வாசிப்பைக் குறை சொல்வதில்லை என்றும், குறை சொல்லும்போது எந்த அத்தியாயம், எந்த இடம் என்று குறிப்பிட்டே சொல்வோம் என்றும், வாசிப்பாளரின் சாதி, ஊர், பால் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்றும் உறுதி தருகிறார்கள். நன்றாக வாசித்தவருக்குப் பெயர் சொல்லிக் கடிதம் எழுதுவது உறுப்பினரின் கடமை.

பதிப்பகங்களிடம் ஒன்று கேட்கிறோம். பார்வையற்றோர் பயன்படுத்தும் வடிவத்துக்கு நூல்களை மாற்ற 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. அதே நோக்கத்துக்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. சட்டம் வழிவிட்ட பிறகும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிழை திருத்திக்கொண்டிருக்க வேண்டுமா? புத்தகம் அச்சுக்குப் போகும் அன்றே அதன் யூனிகோடு கோப்பைப் பார்வையற்றோருக்கான நூலகங்களுக்கும் கொடுங்கள்.

எங்கள் முதல் வேலையாகப் புதுமைப்பித்தனின் சிறுகதைகளை எடுத்துக்கொள்கிறோம். 1948-இல் மறைந்தவர், உரிமைத் தடை ஏதும் இல்லை. ஒரு குரல், முழுப் பாடம், அடியில் இசை கிடையாது, கதைக்குக் கதை தனிக் கோப்பு. திருநெல்வேலிப் பேச்சு தெரிந்த வாசிப்பாளர்கள், ஆணோ பெண்ணோ, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை முழுதாகப் படித்துவிட்டு அதிலிருந்து ஐந்து நிமிடம் வாசித்து அனுப்பலாம். நடுவர் குழுவில் பாதிக்குக் குறையாமல் பார்வையற்ற வாசகர்கள் இருப்பார்கள். தேர்வாகாதவர்களுக்கும் ஏன் தேர்வாகவில்லை என்று எந்த நிமிடம், எந்தச் சொல் என்ற விவரத்தோடு பதில் வரும். தேர்வானவருக்கு உறுப்பினர் சந்தாவிலிருந்து, பதிவு தொடங்குவதற்கு முன்பே, கூலியில் பாதி கொடுக்கப்படும்.