கண்ணுக்குப் புலனாகாத உயிர்களும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் நுண்ணுயிர்களுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருத்தல் கூடும். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்முன் வந்தமரும் மாணவருள் பெரும்பாலோர் இலக்கியம் பயில வந்தவர் அல்லர். வணிகவியலும் வேதியியலும் நுண்ணுயிரியலும் பயில வந்தவர். அவர்கள் எவ்விடம் சென்று சேர்கின்றனர், எவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதனை ஆண்டுதோறும் கண்டுவரும் காரணத்தால், துறை எல்லை கடந்து சில சொல்ல விழைகின்றோம்.

பாலுக்கு உறைமோர் ஊற்றும் தாயும், இரவில் மாவைக் கரைத்து வைத்துக் காலையில் பொங்கியிருக்கக் காணும் பாட்டியும் நுண்ணுயிர்த் தொழில்நுட்பத்தின் முதல் பாடத்தை அறிந்தவர்களே. அவ்வுயிர்களுக்கு வேண்டிய உணவும் வெம்மையும் அளித்து, நமக்கு வேண்டிய பொருளை அவற்றிடமிருந்து பெறுதலே இத்துறையின் சாரம். உழவர் பெருமக்களும் அசோஸ்பைரில்லம் பொட்டலத்தை விதையோடு கலக்கப் பழகிவிட்டனர். பெட்ரோலியத்தையும் நச்சு வேதிப்பொருள்களையும் நம்பியிராமல், உயிரிகளின் துணைகொண்டு பொருள்களை ஆக்கும் முறைக்கு உயிரிப் பொருளாதாரம் எனப் பெயர் தந்துள்ளனர். 2024 ஆகஸ்டில் நடுவண் அமைச்சரவை பயோ இ-3 என்னும் கொள்கைக்கு ஒப்புதல் அளித்ததும் இந்நோக்கம் பற்றியே.

இது யாருக்கோ உரிய செய்தி என்று நம் பெரியோர் கருதிவிடலாகாது. நீரிழிவால் துன்புறுவோர் நம் இல்லங்களில் எத்தனை பேர்! இன்சுலின் ஒரு காலத்தில் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்து என்பதால் அதனை ஏற்றோரும் உள்ளத்தில் சங்கடத்தோடே ஏற்றனர். 1978இல் அமெரிக்க அறிஞர்கள் மனித இன்சுலினுக்குரிய மரபுக் கட்டளையை எஸ்கெரிச்சியா கோலி என்னும் பாக்டீரியாவினுள் புகுத்தி, அதனைக் கொண்டே இன்சுலினை உண்டாக்கினர். 1982இல் அது விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. பாலாடைக்கட்டி செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியும் இவ்வாறே நுண்ணுயிர்வழிக் கிடைக்கத் தொடங்கிற்று. ஹலால், ஹராம் பற்றி மிகுதியாகப் பேசும் நாம், அச்சங்கடத்தைத் தீர்த்த ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளை ஒருவன் நின்றானா என்று கேட்டதுண்டா?

இனி, நமக்கு மிக அணுக்கமான தோல் தொழிலுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வாழ்வு இத்தொழிலோடு பிணைந்தது. சமுதாயக் கல்விக்கூடங்கள் பலவற்றிற்குத் தோல் வணிகர்தம் கொடையே அடித்தளம். ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட நாள் மாறிக் குரோமியம் வந்தது. பாலாற்றின் நீரும் மாறிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை மூத்தோர் மறந்திரார். 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் பேச நேர்ந்தது. இடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில், 2015இல், இராணிப்பேட்டை சிப்காட்டின் கழிவுச் சேற்றுத் தொட்டி இடிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர்.

குரோமியத்தையே அனைவரும் குறை கூறுவர். ஆனால் தொழிற்சாலைக் கழிவின் பெரும்பகுதி அதற்கு முந்திய படியிலேயே உண்டாகின்றது. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் தோலை ஊறவைத்து மயிரை நீக்குகின்றனர். சல்ஃபைடு மயிரைக் கூழாகக் கரைத்துவிடும். அக்கூழே நாற்றமும் நஞ்சுமாக வெளியேறும். பாசில்லஸ் இனப் பாக்டீரியாக்கள் தரும் புரத நொதிகளோ மயிரைக் கரைப்பதில்லை. மயிரைப் பற்றி நிற்கும் வேர்ப்பகுதியைத் தளர்த்துகின்றன. மயிர் முழுதாகக் கழன்று வரும், வடிகட்டி எடுத்துவிடலாம். 1948இல் தொடங்கப்பெற்ற அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இவ்வழியில் நெடுங்காலம் உழைத்து வருகின்றது. எனினும் இம்முறை எல்லாத் தொழிற்சாலைகளிலும் வேரூன்றிவிடவில்லை. நொதியின் விலை ஒரு தடை. சற்றே பொழுது மிகுந்தால் தோலின் மேற்பரப்பையே அரித்துவிடும் என்ற அச்சம் மற்றொரு தடை. அவ்வச்சத்தைப் போக்குவதற்கு இன்னும் ஆய்வு தேவை. அந்த ஆய்வாளன் தொட்டியருகே நின்று தோலைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவனாக இருந்தால் எவ்வளவு நன்று!

வரலாறும் இதற்குச் சான்று. தோலை மென்மையாக்க நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் பயன்படுத்திய ஐரோப்பியத் தொழிலை 1907இல் மாற்றியவர் ஓட்டோ ரோம் என்னும் செருமானிய வேதியியலார். அருவருப்பான அப்பொருள்களில் பணி செய்பவை நொதிகளே என உணர்ந்து, கணைய நொதியை அவற்றின் இடத்தில் வைத்தார். தொழிலின் துயரைக் கல்வி தீர்த்தது.

ஆனால் நம்மிடையே நிகழ்வது யாது? சில ஆண்டுகளுக்கு முன், நம் வகுப்பில் தமிழ் பயின்று பின்னர் நுண்ணுயிரியலில் முதுகலை முடித்த மாணவி ஒருவர், இளநிலை ஆய்வாளர் தகுதித் தேர்விலும் தேறினார். மகிழ்ச்சி தெரிவிக்கச் சென்றபோது அவர் தந்தையார், "சார், இன்னும் அஞ்சு வருஷமா? அதுக்கப்புறம் பொண்ணுக்கு வயசு என்ன ஆகும்?" என்றார். அவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஐந்தாண்டுகள் நீண்டவைதாம். முனைவர் பட்டத்திற்குப் பின்னும் நிலையான ஆசிரியப் பணி உடனே காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் நம் இளைய நண்பர்களின் ஊதியத்தை அவரும் அறிவார். உயிரித் தொழில்நுட்பம் என்று பெயர்ப்பலகை மாட்டி, இரண்டு நுண்ணோக்கிகளோடு பட்டங்களை வழங்கிய கல்வி நிறுவனங்கள் சிலவும் பெற்றோரின் நம்பிக்கையைக் குலைத்தன. இளங்கலையோடு நின்றுவிடுவோர்க்கு இத்துறை பெரிதும் உதவுவதில்லை. இதனை மறைத்து ஆசை காட்டுதல் முறையன்று.

ஆயினும் தந்தையார் அறியாத செய்தியும் ஒன்றிருந்தது. ஆய்வுக் காலம் வருவாயற்ற காலம் அன்று. தகுதித் தேர்வில் தேறியவர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், ஈராண்டுக்குப் பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. இவற்றை வீட்டிற்கே சென்று எடுத்துரைக்கும் கடமை ஆசிரியராகிய நம்முடையது. அதில் நாம் தாமதித்துவிட்டோம் என்பதே உறுத்துகின்றது. அம்மாணவி இப்போது பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கின்றார். அப்பணியும் சிறந்ததே. எனினும் அவர் கேட்க எண்ணிய கேள்வி கேட்கப்படாமலே நிற்கின்றது.

தேர்வில் மயிரிழையில் தவறுவோர் நிலைதான் இரங்கத்தக்கது. சிறுபான்மையினர்க்கென 2009இல் தோன்றிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்க்கு இல்லை என்றாயிற்று. அக்கதவு மூடியதை எண்ணி வருந்தும் கூட்டங்கள் பல நடந்தன. கூட்டச் செலவில் ஓர் ஆய்வு மாணவனின் ஓராண்டுக் கட்டணம் அடங்கியிருக்கும் என்று அப்போது எண்ணியதுண்டு. இதனைக் குறையாகக் கொள்ளற்க. பள்ளிவாசல் கட்டவும் திருமண மண்டபம் எழுப்பவும் வாரி வழங்கும் கரங்கள் நம்மிடம் உள்ளன. நன்கொடையாகக் கூட வேண்டாம். கர்ளே ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாக, ஆய்வு தொடங்கும் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் ஜமாஅத் ஒன்று ஒருவரைத் தாங்கினால் போதும். தோல் தொழில் புரிவோர், தம் தொழிற்சாலையின் கழிவுநீரில் ஒரு குடுவையைக் கொடுத்து, "இதற்கு வழி சொல்" என்று மாணவரிடம் கேட்டாலே அது ஓர் ஆய்வேட்டின் தொடக்கமாகும்.

தமிழாசிரியராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவன், நொதி என்றால் விளங்கிக்கொள்கின்றான். அதனையே ஆங்கிலத்தில் கேட்டால் அஞ்சுகின்றான். வரும் கல்வியாண்டில் நுண்ணுயிரியல் துறையினரோடு கூடி, கலைச்சொற்களை இருமொழியிலும் விளக்கும் மாலை வகுப்பு ஒன்றைக் கிழமைக்கு ஒரு முறை நடத்த எண்ணியுள்ளோம். பெற்றோரும் வந்து அமரலாம். பெண்மக்களின் பெற்றோர்க்கு முன்வரிசை.