கையெழுத்து வாங்கியவர் கணக்குச் சொல்லட்டும்!



“கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன பேச்சு?” கூரையில் சோலார் பலகை மாட்டி ஏமாந்த உழைப்பாளியின் வாயை அடைக்கும் வார்த்தை இது. கேட்கிறோம்: காகிதம் நம் மொழியில் இருந்ததா? வாயால் சொன்னதெல்லாம் காகிதத்தில் இருந்ததா? டெய்ரி ஃபார்மில் கூலி வாங்கிக் குடும்பம் நடத்தும் நம் மக்கள் இந்தப் பேச்சுக்கு அடங்கிப் போக வேண்டியதில்லை!

சூரிய மின்சாரத்தின் மேல் நமக்குப் பகையில்லை. டீசல் எரித்துக் கரண்ட் எடுக்கும் தீவு இது. நெய்வேலி என்எல்சி 2020இல் இங்கே 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது நல்ல காரியமே. நம் பகை பொய்யோடுதான்.

முதல் பொய், “இலவசம்!” 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் தருவது மானியம் மட்டுமே. அந்தமானில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 33,000 ரூபாய், மூன்றாவதற்கு 19,800 ரூபாய். உச்சவரம்பு 85,800 ரூபாய். மிச்சச் செலவு நம் தலையில்! அந்த மானியமும் வேலை முடிந்து, சோதனை ஆன பிறகே நம் வங்கிக் கணக்குக்கு வரும். சொந்த வீடும் மின் இணைப்பும் இல்லாத வாடகைக் குடித்தனக்காரரிடம் “மானியம் உறுதி” என்று பணம் வாங்குவது பகல் கொள்ளை.

இரண்டாம் பொய், “கரண்ட் போனாலும் விளக்கு எரியும்!” பேட்டரி இல்லாமல் மின்துறைக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போன மறுநொடியே தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. விற்பவருக்கு இது தெரியும். தெரிந்தே மறைத்தால் அதற்குப் பெயர் வியாபாரமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தையும் பயனையும் பற்றிப் பொய் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. பழுதை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு கொடுக்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி சென்னையில் இருந்தாலும் கல்கத்தாவில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கப்பலேற வேண்டாம்! ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தூங்கினால் உரிமை போகும்.

“பெரிய கம்பெனியை நாம் என்ன செய்ய முடியும்” என்பவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்கட்டும். “இலவச சோலார்” என்று 60 லட்சம் தானியங்கி தொலைபேசி அழைப்புகள் விட்ட ஹெல்ம்ஸ் கம்பெனிக்கு 2015இல் 2 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அதனிடம் கடனில் சிக்கிய குடும்பங்கள் விடாமல் முறையிட்டதால், பலருடைய கடன் குறைக்கப்பட்டது, சிலருடையது ரத்தானது. வாய் மூடியிருந்தால் கிடைத்திருக்குமா?

ஆகவே தோழர்களே, பில், ஒப்பந்தம், விளம்பரத் துண்டு, பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் தொலைக்காதீர்கள். விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். வங்கித் தவணையை மட்டும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அது இன்னொரு வழக்கை இழுத்து வரும்.

ஒரே கம்பெனியிடம் ஏமாந்த பலர், ஆணையத்தின் அனுமதியோடு, சேர்ந்து ஒரே வழக்காகப் போடவும் சட்டம் இடம் தருகிறது. தனித்தனியே போனால் “நாளை வா” என்பார்கள். தெருவே சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்! காகிதங்களோடு சங்கத்துக்கு வாருங்கள். நாம் கேட்பது யாசகமல்ல, வியர்வை சிந்திச் சேர்த்த நம் பணம்!