சித்திரை வெயிலில் ஒரு ரெக்கார்ட் நோட்டு!



ஆண்டு மலர் என்றால் நாலு காதல் கவிதை, ஒரு வேலையில்லாத் திண்டாட்டக் கட்டுரை, ஒரு பக்கம் ஜோக்ஸ் என்பது நம் வழக்கம். அதற்கு நடுவில் "இவன் என்னடான்னா கொக்கு, குருவின்னு எழுத வந்துட்டானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது பறவைகளைப் பற்றியது மட்டுமல்ல. நாளைக்கு நாம் பார்க்கப்போகும் உத்தியோகத்தைப் பற்றியதும்கூட.

நம் நெல்லைச் சீமையில் பறவை பார்ப்பது என்றாலே மார்கழி, தை மாத வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 2011-ல் தொடங்கி, ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "குளம் வத்திப் போச்சு, வந்த பறவையும் போயாச்சு. இனிமே என்ன இருக்கு?" முக்கியமான கணக்கே அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

சித்திரையில் இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில், ஊருக்குக் கிளம்புகிறவர்கள். ஆறுமணிக்குருவி என்று ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பேர். பச்சை, நீலம், சிவப்பு என்று ஒரு வண்ணப்பெட்டியே உடம்பில் இருக்கும். ஆனால் மரத்தடிச் சருகில் ஒளிந்து திரிவதால் கண்ணில் படுவது அபூர்வம். பனிக்காலத்தை நம் பக்கம் கழித்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் முட்டையிட வடக்கே போய்விடும். சோளக்காட்டில் கூட்டமாக இறங்கும் சூறைக்குருவிகளும் கோடை தொடங்கும்போது மத்திய ஆசியப் பக்கம் கிளம்பிவிடும். இமயமலையையே தாண்டி வருகிற வரித்தலை வாத்து இவற்றுக்கும் முன்னாலேயே மூட்டை கட்டிவிடும்.

அடுத்தது, பிள்ளை வளர்க்கிறவர்கள். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குக் கோடையில் போய்ப் பாருங்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்து மரங்களில் மட்டுமில்லை, தெருவில் வீட்டோரம் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். எச்சமும் நாற்றமுமாக இருக்கிறதே என்று அந்த ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் விழுந்த தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். 1994-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. அதற்கெல்லாம் முன்பிருந்தே காவல் காத்தது ஊர் ஜனங்கள்தான்.

நம் கல்லூரி மைதானம் மாதிரி வெறும் சரளைத் தரையில்கூட ஒரு குடும்பம் இருக்கலாம். ஆள்காட்டிக் குருவி கூடு என்று ஒன்றும் கட்டாது. கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டையைத் தரையிலேயே இட்டுவிடும். உச்சி வெயிலில் நாம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து புலம்பும்போது, அது வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும். எந்த மெக்கானிக்கல் பிரிவுக்காரன் அதற்குக் கூலிங் சிஸ்டம் பாடம் நடத்தினான்?

"சரி, அதையெல்லாம் நாங்களும் பார்த்திருக்கோம். அதுக்கென்ன?" என்பீர்கள். இங்கேதான் விஷயம். பார்த்தேன் என்பது போதாது. தேதி, இடம், எண்ணிக்கை மூன்றும் இல்லாமல் சொல்வது டீக்கடைப் பேச்சு. மூன்றையும் சேர்த்து எழுதினால் அது ரீடிங். இந்த வித்தியாசம் மற்றவர்களைவிட டிப்ளமோ படிக்கிற நமக்குத்தானே நன்றாகத் தெரிய வேண்டும்? அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்காமல் யாராவது ரெக்கார்ட் எழுத முடியுமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு பறவை முதல்முதலாக வந்தால் "ஏ, வந்துட்டுல்லா!" என்று யாராவது கவனித்துவிடுவார்கள். கடைசியாகப் போவதை யாரும் கவனிக்க முடியாது. இன்றைக்குப் பார்த்ததுதான் இந்த வருடத்தின் கடைசி ஆறுமணிக்குருவி என்று இன்றைக்கே எவனுக்குத் தெரியும்? நாள்தோறும் எழுதிவைத்த நோட்டுக்குத்தான் தெரியும். அதனால் "இன்று ஒன்றும் இல்லை" என்பதையும் எழுத வேண்டும். அதுவும் ஒரு ரீடிங்தான். லேபில் சிலர் செய்கிற மாதிரி ரீடிங்கை 'குக்' பண்ணுவது மட்டும் இங்கே கூடவே கூடாது.

இதில் நம் உத்தியோகம் எங்கே வந்தது? சொல்கிறேன்.

குளத்தில் வண்டல் எடுப்பது, கரை பலப்படுத்துவது, குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டுவது எல்லாமே கோடையில்தான் நடக்கும். தண்ணீர் இல்லாத காலத்தில்தானே செய்ய முடியும்? அதே கோடையில்தான் அந்த மரங்களில் இறகு முளைக்காத குஞ்சுகள் இருக்கும். தூர் வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளம் மேடிட்டுப் போனால் விவசாயிக்கும் கஷ்டம், பறவைக்கும் கஷ்டம். நான் கேட்பது தேதியைப் பற்றி மட்டும். குஞ்சு பறக்கும்வரை அந்த ஒரு மூலையை விட்டுவைத்து, மறு மூலையில் வேலையை ஆரம்பிக்கலாமே! ஆனால் எந்த மரத்தில், எத்தனை கூடு, எந்த மாதம்வரை என்று யாரிடமாவது கணக்கு இருந்தால்தானே அப்படிக் கேட்க முடியும்? வாயால் சொன்னால் "காஞ்ச குளத்துல ஏதுடே பறவை?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஐந்து வருடத்து நோட்டை நீட்டினால் அப்படி முடிக்க முடியாது.

அந்த வேலைக்கு லெவல் எடுப்பது யார்? எஸ்டிமேட் போடுவது யார்? சைட்டில் நின்று ஆளை வைத்து வேலை வாங்குவது யார்? நாம்தான் தோழர்களே! இன்றைக்கு டம்பி லெவலும் ஸ்டாஃபும் பிடித்து நிற்கிற இதே கைகள்தான். பாய்லரும் மோட்டாரும் படிக்கிறவர்களும் நழுவ வேண்டாம். குளத்துக்கு மேலே மின்கம்பி இழுக்கப்போவதும் நம்மில் ஒருவன்தான்.

எழுதிவைத்ததற்குப் பலன் இருக்குமா என்று சந்தேகமா? தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கிறது. கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் பறவைகள் கூடு கட்டும். மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம். 2005-ல் அது இந்தியாவின் முதல் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' ஆனது. சின்ன இடம் என்று யாரும் ஒதுக்கிவிடவில்லை. அதேபோல திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் மறையும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவர் பெரிய மிருகங்களை மட்டும் எழுதவில்லை. வீட்டோரத்துக் காக்கையையும் குருவியையும்கூட எழுதினார். நம்ம ஊர்க்காரர்!

"ஏப்ரல்னா போர்டு எக்ஸாம், அரியர் வேற இருக்கு" என்று முனகுவது கேட்கிறது. காலையில் பத்து நிமிடம் போதும். பேர் தெரியாவிட்டால் நிறம், அளவு, அலகு, எங்கே உட்கார்ந்திருந்தது என்று எழுதுங்கள். பேரைப் பிறகு புத்தகத்தில் தேடிக்கொள்ளலாம். கையில் போன் இருக்கிறவர்கள் 'இ-பேர்டு' செயலியில் இலவசமாகவே பதிவு செய்யலாம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணி அதில் பதிவு செய்கிறார்கள். நாமும் சேர்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. போட்டோ ஆசையில் கூட்டின் பக்கத்தில் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் சித்திரை வெயில் முட்டையை அவித்துவிடும். முட்டையை எடுப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். பேரவை அறையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வையுங்கள். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, பார்த்தவர் பிரிவு என்று ஆறு கட்டம் போடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை யார் எதைப் பார்த்தாலும் எழுதட்டும். நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போய்விடுவோம், நோட்டு இங்கேயே இருக்கட்டும். அடுத்த செட் ஜூனியர்கள் அதில் தொடர்ந்து எழுதட்டும்.

செலவு? ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆண்டு விழா மைக் செட் வாடகையில் நூறில் ஒரு பங்குகூட வராது!

– மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் பிரிவு