நரையும் கத்தரிக்கோலும்

2020 மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடை திறந்திருந்தது, மருந்துக் கடை திறந்திருந்தது. சலூனும் பியூட்டி பார்லரும் பூட்டிக் கிடந்தன. இரண்டு மாதத்திற்குள் பல வீடுகளில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அப்பாவுக்கு மகன் முடி வெட்டினான். அம்மாவின் வகிட்டில் நரை எட்டிப் பார்த்தது!

கடைகள் திறந்ததும் பெரும்பாலானோர் பழையபடி போய் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் மட்டும் போகவில்லை. வீட்டிலேயே வெட்டிக்கொண்டார்கள், டையையும் விட்டுவிட்டார்கள். இவர்களைப் பார்த்து "கஞ்சத்தனம்", "தன்னைக் கவனிச்சுக்கிறதே இல்ல" என்கிறது ஊர். இது நியாயமா?

முதலில் கொஞ்சம் கணக்கு. தலைமுடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் வளர்கிறது. வேரில் மெலனின் என்ற நிறமி சுரப்பது நின்றால் முடி வெள்ளையாகவே முளைக்கும். டை பிடிப்பது ஏற்கெனவே வெளியே வந்த முடியில்தான். ஆகவே நான்கு வாரத்தில் மறுபடி வெள்ளைக் கோடு. 40 வயதில் ஆரம்பித்து 60 வரை மாதம் ஒரு முறை என்றால் 240 முறை!

செலவு மட்டுமா? கருப்பு டைகள் பலவற்றில் பாராபினைலின்டையமின் என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு இதனால் தலை அரிக்கும், இமை வீங்கும், முகமே வீங்கிப் போகும். பல வருடம் ஒன்றும் செய்யாத டை திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. தோல் ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்க மருத்துவர் சங்கம் 2006-ல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் இது உண்டு. அசல் மருதாணி சிவப்பைத்தான் தரும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி டை பெட்டியிலேயே போட்டிருக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

சரி, நிறுத்த நினைப்பவருக்கு என்ன வழி? கருப்பு பாதி, வெள்ளை பாதியாகத் தெரியும் காலம்தான் கஷ்டம். 30 செ.மீ. நீளமுள்ள முடி முழுவதும் மாற இரண்டு வருடத்திற்கு மேல் ஆகும். முடி குட்டையாக இருந்தால் அந்தக் காலமும் குறையும். இங்கேதான் வீட்டுக் கத்தரிக்கோல் உதவுகிறது. மாதம் ஒரு செ.மீ. நுனி வெட்ட பார்லர் எதற்கு? முடிக்கென்றே ஒரு கூர்மையான கத்தரிக்கோல், ஒரு சீப்பு, இரண்டு கண்ணாடி போதும். ஈர முடி காய்ந்ததும் சற்று ஏறிக்கொள்ளும், அதனால் நினைத்ததைவிடக் குறைவாக வெட்ட வேண்டும். ஆண்கள் ட்ரிம்மரில் பெரிய சீப்பை மாட்டி ஆரம்பிப்பது நல்லது. கோணலாகப் போனாலும் கவலையில்லை, வளர்ந்துவிடும்!

முடிதிருத்துவோர் பிழைப்பு என்ன ஆவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரடங்கில் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் நுனி வெட்டத்தான் வீடு. நல்ல வெட்டு வேண்டும் என்றால் அந்தக் கைத்தொழில் தெரிந்தவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

நரை என்பது தமிழுக்குப் புதிதா என்ன? காதோரம் ஒரு நரையைக் கண்டதும் தசரதன் மகனுக்கு முடிசூட்ட நினைத்ததாகக் கம்பர் பாடினார். வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் காரணம் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஔவையார் முதுமையையே வரமாகக் கேட்டு வாங்கினார் என்பது கதை.

அந்த ஊரில்தான் இன்று ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது தியேட்டரில் விசில் பறந்தது. ரஜினிகாந்த் பொது இடங்களில் நரையோடுதான் வருகிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே நரையோடு 45 வயதுப் பெண் ஒரு விசேஷத்திற்குப் போனால்? "உடம்பு சரியில்லையா?" என்பார்கள். "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகற வரைக்குமாவது டை அடிச்சுக்கோ" என்று அறிவுரை வரும். தலை அவளுடையது, அரிப்பும் அவளுக்குத்தான். முடிவு மட்டும் ஊருடையதா?

பிடித்தவர் டை அடிக்கட்டும், அதில் தவறில்லை. சோதித்துப் பார்த்து அடித்தால் சரி. ஆனால் வீட்டில் ஒருத்தி "எனக்குப் போதும்" என்றால், காரணம் கேட்டுத் துளைக்க வேண்டாம். பின்னந்தலை அவள் கைக்கு எட்டாது. கத்தரிக்கோலை வாங்கி நேராக வெட்டிவிட்டால் போதும்.