ரேகை விழாத கை

ஐப்பசி மாசம் நடந்த ஒரு சங்கதிய இப்பதான் எழுத நேரம் கிடைச்சுது.

ரேஷன் கடைக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். நான் சாக்கைப் பிடிச்சிக்கிட்டு வெளியே நின்னேன். அவங்க போய் மெஷின்ல விரல் வச்சாங்க. விழல. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்னு மாத்தி மாத்தி வச்சும் விழல. கடைக்காரத் தம்பி, "நல்லா தொடச்சிட்டு வைங்கம்மா"ன்னு சொன்னாரு. முந்தானையில தேய்ச்சித் தேய்ச்சி வச்சாங்க. அப்பவும் விழல. பின்னாடி வரிசையில நின்னவங்க முனகுறது கேட்டு, நான் உள்ள போய் என் விரலை வச்சேன். ஒரே தடவையில விழுந்துடுச்சி.

அரிசியை வாங்கிக்கிட்டு வந்துட்டோம். ஆனா வழி பூரா எனக்கு அதே யோசனை. ரெண்டு பேரும் ஒரே நிலத்துலதான் பாடுபடுறோம். எனக்கு ரேகை இருக்கு. அவங்களுக்கு ஏன் இல்ல?

அன்னைக்கு ராத்திரி விளக்கு வெளிச்சத்துல அவங்க கையை வாங்கிப் பார்த்தேன். கல்யாணமாகி 28 வருசம் ஆச்சி, அந்தக் கையை நான் அப்படிப் பார்த்ததே இல்லன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. விரல் நுனியெல்லாம் வழவழன்னு தேய்ஞ்சி, மடிப்புல வெடிப்பு. விரல் இடுக்குல சிவந்து தோல் உரிஞ்சி, மோதிரத்துக்குக் கீழே கறுத்து தடிச்சிக் கிடக்கு. "ராத்திரியில அரிக்குது, மொளகா அரைச்சா எரியுது"ன்னாங்க. எத்தனை நாளான்னு கேட்டேன். "உங்க அம்மா காலத்துல இருந்து"ன்னாங்க. நாங்க இதைக் கரப்பான்னு சொல்லுவோம். டவுன்ல எக்சிமாங்குறாங்க.

மறுநாள் நான் ஒரு வேலை பண்ணேன். அவங்க கை எத்தனை தடவை தண்ணியில போகுதுன்னு எண்ணினேன். காலையில சாணி கரைச்சி வாசல் தெளிக்க, மாட்டு மடி கழுவ, ராத்திரி பாத்திரம் விளக்க, அரிசி களைய, காய் கழுவ, பிறகு நடவு வயல்ல சேத்துக்குள்ள, திரும்பி வந்து துணி துவைக்க, மறுபடியும் பாத்திரம். பொழுது சாயறதுக்குள்ள 22 எண்ணிட்டேன். என் கை எத்தனை தடவை நனைஞ்சிதுன்னு எண்ணினா, ஒம்பது. அதுல மூணு, சாப்பிட கை கழுவினது. ரேகை எங்க போச்சின்னு அப்பவே தெரிஞ்சிபோச்சி.

நான் பண்ணின தப்பையும் சொல்லிடுறேன். இதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே ஒரு தடவை அவங்க கை அரிக்குதுன்னு சொல்லி, நான் மருந்துக்கடையில கேட்டு ஒரு டியூபு வாங்கிக் குடுத்தேன். பத்து நாள்ல மாயம் மாதிரி கேட்டுச்சி. நிறுத்தினா ஒரு வாரத்துல முன்ன விட மோசமா வந்துச்சி. மறுபடி டியூபு. இப்படியே ஓடிச்சி. அது ஸ்டீராய்டும் படை மருந்தும் இன்னும் ஏதோவும் கலந்த களிம்பு. அந்தக் களிம்பை அளவு தெரியாம மாசக்கணக்குல போட்டா தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சி போயிடும். ஸ்டீராய்டு களிம்பு பலதையும் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு விதி போட்டாச்சி. கேட்டவன் நான், குடுத்தது கடை. ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்லல. டாக்டர் பார்த்து, இத்தனை நாள், இவ்வளவுதான்னு சொல்லிக் குடுத்தா அது நல்ல மருந்து. நாமளே டாக்டர் ஆகறதுதான் தப்பு.

இந்தத் தடவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தோல் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, மருந்து எழுதுறதுக்கு முன்னாடி கேட்ட மொத கேள்வி, "வீட்டுல பாத்திரம் யார் விளக்குறது?" அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச விவசாய பாஷையில எழுதுறேன்.

மண்ணோட பி.எச். 8.5-ஐத் தாண்டி, சோடியம் உப்பும் மிஞ்சினா அது களர் நிலம். அதுல பயிர் ஏறாதுன்னு எங்களுக்குத் தெரியும். மனுசத் தோலுக்கு ஏத்தது லேசான புளிப்பு, 5-க்குப் பக்கம். குளிக்கிற சோப்புக்கட்டி, துணி சோப்பெல்லாம் 9, 10-ன்னு நிக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை அதைப் பூசிக் கழுவினா கையே களர் ஆயிடுது. தோல்ல இருக்கிற இயற்கையான எண்ணெய்ப்பசை கரைஞ்சி ஓடிடும், உள்ள இருக்கிற ஈரமும் வெளியே போயிடும். தண்ணியிலயே கிடக்கிற கை காய்ஞ்சி வெடிக்கிறது இதனாலதான்.

இதுக்கு வைத்தியம் மூடாக்கு. எண்ணெயும் களிம்பும் தோலுக்குத் தண்ணி ஊத்தாது, இருக்கிற ஈரத்தை ஓடாம பிடிச்சி வைக்கும். காய்ஞ்ச நிலத்துல மூடாக்கு போட்டு என்ன புண்ணியம்? அதனால கை கழுவினதும் அழுத்தித் தேய்க்காம துணியில ஒத்தி எடுத்துட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே தடவணும். சுடுதண்ணி வேணாம், வெதுவெதுப்பு போதும். வேலைக்கு முன்னாடி மோதிரத்தைக் கழட்டிடணும், அடியில சோப்பு தங்கும். ராத்திரி படுக்கும்போது வாசலின் மாதிரி கெட்டிக் களிம்பைத் தாராளமா பூசி, பழைய பருத்தித் துணியைச் சுத்திக்கிட்டா வெடிப்பு மூடும். தேங்காயெண்ணெயும் நல்லதுதான். பிலிப்பைன்ஸ் நாட்டுல 2004-ல வறண்ட தோலுக்கு அதைப் பரிசோதிச்சி, நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காங்க. வாசனை போட்ட எதுவும் வேணாம். எலுமிச்சம்பழம், பூண்டு, மண்ணெண்ணெய் இதெல்லாம் வெடிச்ச கையில வைக்கவே கூடாது. சீழ் வச்சாலோ, கை வீங்கி காய்ச்சல் வந்தாலோ, ஒரு கையில மட்டும் வட்டமா பரவினாலோ டாக்டர்கிட்ட போயிடணும்.

ஒண்ணு கேட்டு எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. டாக்டரம்மா எழுதின களிம்புல யூரியா இருந்துச்சி. "வயலுக்குப் போடுற அதே யூரியாவாம்மா?"ன்னு கேட்டேன். அதேதான், நம்ம தோல்லயே அது இயற்கையா இருக்கு, ஈரத்தை இழுத்து வைக்கும்னாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே யூரியா களிம்பு இருக்கு. அதுக்காக மூட்டையில இருக்கிறதைக் கரைச்சிப் பூசிடாதீங்க. வெறுங்கையில உரம் தெளிச்சா எப்படி எரியும்னு எங்களைக் கேளுங்க.

இனி என் கருத்துக்கு வரேன்.

கையைப் பார்த்துக்கிறது டவுன்காரங்க சோக்குன்னு எங்க பக்கம் ஒரு நினைப்பு. பொம்பளைங்க கையில களிம்பு தடவினா "என்னா, ராணியம்மாவா?"ன்னு கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கேன். ஆனா மாட்டுக் கழுத்துல புண்ணு வந்தா நாங்க நுகத்தடி பூட்ட மாட்டோம். மருந்து போட்டு, ஆறுற வரைக்கும் ஓட்டாம கட்டி வைப்போம். புண்ணு மாட்டை ஏர்ல பூட்டினவனை ஊரே திட்டும். வெடிச்ச கையை மறுநாள் காலையில சாணியிலயும் சோப்புத் தண்ணியிலயும் பூட்டுறோமே, அதுக்கு யார் திட்டுறா?

கை வெடிக்கிறதைத் தலையெழுத்துன்னு நினைக்கக் கூடாது. அது வேலையால வர்ற காயம். ஜெர்மனியில ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தா அதை 'ஈரவேலை'ன்னு விதியிலயே எழுதி வச்சிருக்காங்க. அந்தத் தோலைக் காப்பாத்துற பொறுப்பு வேலை வாங்குறவங்களோடது. எங்க பசங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் கொத்து வேலைக்குப் போய், சிமெண்ட்ல கை புண்ணாகித் திரும்பி வர்றாங்க. அந்தப் புண்ணுக்கு சிமெண்ட்ல இருக்கிற குரோமியமும் ஒரு காரணம். டென்மார்க்ல 1980-கள்லயே சிமெண்ட்ல இரும்பு சல்பேட் கலந்து அதைக் குறைச்சாங்க. கொத்து வேலைக்காரங்களுக்கு வர்ற குரோமியம் ஒவ்வாமை அங்க குறைஞ்சிபோச்சி. 2005-ல இருந்து ஐரோப்பா முழுக்க அதுக்கு ஒரு அளவே வச்சாச்சி. மனசு வச்சா கையைக் காப்பாத்தலாம்ங்குறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

ரேகை சங்கதியும் சின்னது இல்ல. மலேசியாவுல கையில இந்த மாதிரி தோல் நோய் இருந்த நூறு பேரை வச்சிப் பார்த்ததுல 27 பேருக்கு ரேகை மெஷின் எடுக்கல. நோய் இல்லாத நூறு பேர்ல 2 பேருக்குத்தான் எடுக்கல. எங்க வீட்டுல என் விரல் இருந்துச்சி. எங்க தெருவுல ஒரு சின்னம்மா தனியா இருக்காங்க, நடவு, களை எடுப்புன்னு ஆயுசு பூரா சேத்துல கிடந்த கை. அட்டையில அவங்க பேர் மட்டும்தான். அவங்களுக்காக யார் விரல் வைப்பாங்க? நாட்டுக்கே சோறு போட்டுத் தேய்ஞ்ச கையைப் பார்த்து, மெஷின் "நீ யாரு"ன்னு கேட்குது.

அதனால நான் என் அளவுல ரெண்டு மூணு மாத்தியிருக்கேன். மொதல்ல களை எடுக்க வர்ற பொம்பளைங்களுக்குக் கையுறை வாங்கிக் குடுத்தேன். அரை மணி நேரத்துல கழட்டி வரப்புல வச்சிட்டாங்க. "அண்ணே, இதைப் போட்டா களையும் பயிரும் ஒண்ணாத்தான் வருது"ன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். இப்ப உரம், மருந்து தொடுற வேலைக்கு மட்டும் கையுறை கட்டாயம். களை, நடவுக்கு வர்றவங்களுக்கு வேலை முடிஞ்சதும் கை கழுவ நல்ல தண்ணியும், ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயும் மோட்டார் கொட்டாயில வச்சிருக்கேன். மொத நாள் சிரிச்சாங்க. இப்ப பாட்டில் காலியாச்சின்னா அவங்களே சொல்றாங்க. ஒரு ஆள் கூலியில அது பத்துல ஒரு பங்கு கூட ஆகல.

ரெண்டாவது, ராத்திரி பாத்திரம் நான் விளக்குறேன். பக்கத்து வீட்டு மச்சான் பார்த்துட்டு ரெண்டு நாள் கிண்டல் பண்ணாரு. பண்ணட்டும். டாக்டரம்மா எழுதின சீட்டுல இதுதான் பெரிய மருந்து. களிம்பு விலையை விட இது மலிவு.

இதைப் படிக்கிற டவுன் சனங்களுக்கு ஒண்ணு. உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க வர்ற அம்மா, எங்க பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்களாக்கூட இருக்கலாம். ஒரு நாளைக்கு நாலு வீட்டு ஈரம் அவங்க கையில. ஒரு தடவை அந்தக் கையைப் பாருங்க. உள்ள பருத்தி, மேல ரப்பர்னு ரெண்டு சோடி கையுறை, வாசனையில்லாத ஒரு களிம்பு டப்பா வாங்கி வைங்க. தர்மம்னு நினைச்சிக் குடுக்காதீங்க. விளக்குமாறு வாங்கி வைக்கிற மாதிரி, வேலைக்கு வேண்டிய சாமான்னு வாங்கி வைங்க.

இப்ப மாசி. வீட்டுக்காரம்மா கையில வெடிப்பு பெரும்பாலும் மூடியிருக்கு. அரிப்பு முழுசா போகல, பனியில கொஞ்சம் வந்துச்சி. இது வந்து போற நோய்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போன வாரம் ரேஷன் கடையில கட்டைவிரல் விழல, ஆள்காட்டி விரல் விழல. மூணாவதா நடுவிரலை வச்சாங்க. விழுந்துச்சி. நான் சாக்கோட வெளியேதான் நின்னேன். உள்ள போக வேண்டிய வேலையே வரல.